ஜிப் சிக்கினால் என்ன செய்வது?

அன்று கடையில் இருந்தவர்கள்: தையல் எந்திரத்துக்கு முன்னால் அம்மா. இருந்த ஒரே நாற்காலியில் மாமா. மாமாவின் கையில் அம்மாவின் போன். மேசைக்கு அடியில் வீட்டுப்பாடத்தோடு மிளகு.

வாடிக்கையாளர்கள்: யாருமில்லை.

மிளகு என்பது பட்டப்பெயர். ஆள் சின்னது, பேச்சு காரம் என்று மாமா வைத்தது. வைத்ததற்காக அவரே பலமுறை வருத்தப்பட்டிருக்கிறார்.

அது பை தைக்கும் கடை. அறுந்த வார், உடைந்த பெட்டிச் சக்கரம், ஓடாத ஜிப் எல்லாவற்றையும் அம்மா சரிசெய்வாள். ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய கடை வந்துவிட்டது. பை கிழிந்தால் எல்லோரும் அங்கே போய்ப் புதிது வாங்கிக்கொள்கிறார்கள்.

"இந்த லீவுக்கும் ஆள் வரலைன்னா, கடைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துட வேண்டியதுதான்" என்று போன வாரம் அம்மா சொன்னாள். மிளகுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாமாவுக்கு இறங்கியது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, "கவலைய விடுக்கா. விளம்பரம் என் பொறுப்பு" என்றார்.

அன்று பிடித்தது தலைவலி.

முதலில் ஒரு முகநூல் பக்கம் தொடங்கினார். பெயர், 'அகில உலகப் பை மையம்'. கடைக்குள் மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். பக்கத்தின் உச்சியில் எங்கிருந்தோ எடுத்த சிவப்புத் தோல் பையின் படம். மறுநாளே ஒருவர் வழியெல்லாம் விசாரித்து, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

"அந்தச் சிவப்புப் பையைக் காட்டுங்க."

"நாங்க பை விக்கிறதில்லீங்க. தைக்கிறோம்."

"அப்ப எதுக்குங்க படம் போட்டீங்க?"

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

பிறகு வாட்ஸ்அப் குழுக்கள். 'பையைப் பேருந்தில் தொலைத்துவிட்டேன், யாராவது பார்த்தீர்களா?' என்று ஒருவர் புலம்பியிருந்தார். அதற்கு மாமா போட்ட பதில்: 'பை கிழிந்ததா? கவலை வேண்டாம்! அகில உலகப் பை மையம் இருக்கிறது!'

"அவர்கிட்ட பையே இல்ல மாமா" என்றாள் மிளகு.

"கிடைச்சா கிழியும்ல?"

மிளகு மேசைக்கடியில் தலையை முட்டிக்கொண்டாள்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. மாடிவீட்டு டீச்சர். தலையில் துண்டு. காதோரம் ஷாம்பூ நுரை வழிந்துகொண்டிருந்தது. சுற்றியுள்ள ஏழெட்டுத் தெருக்களுக்கும் சேர்த்து இருக்கும் பகுதிக் குழுவுக்கு அவர்தான் அட்மின்.

"ஏம்மா, இன்னைக்குத் தண்ணி நின்னுடும்னு காலையிலேயே குழுவுல போட்டிருக்காங்க. எனக்குத் தெரியவே இல்ல. எப்படித் தெரியும்? அதுமேல லாரி ஏத்துன மாதிரி உங்க விளம்பரம்! பை, பை, பை! நடுவுல பூப் படம் போட்டு காலை வணக்கம் வேற!"

"அது ஒரு மரியாதைக்கு டீச்சர்" என்றார் மாமா.

"கண்ணு எரியுது எனக்கு. மரியாதையாம்!" டீச்சர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "இன்னும் ஒரே ஒரு விளம்பரம் வரட்டும். உங்களைக் குழுவுலேர்ந்து தூக்கிடுவேன். சொல்லிட்டேன்."

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வருகிற இரண்டொரு பேரும் அந்தப் பகுதிக்காரர்கள்தான்.

மிளகு பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே பிடித்து வைத்திருந்த வாளித் தண்ணீரை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள்.

"டீச்சர், இதுல அலசிக்கோங்க."

டீச்சர் ஒரு கண்ணைத் திறந்து வாளியைப் பார்த்தார். "இந்த வீட்டுல நீ ஒருத்திதான் உருப்படி" என்று சொல்லி வாங்கிக்கொண்டு படியேறினார்.

"போனைக் கொடு" என்றாள் அம்மா.

"அக்கா, இன்னும் ஒண்ணே ஒண்ணு..."

"கொடுடா!"

போன் மிளகிடம் வந்தது. "இவன் கையில படாமப் பார்த்துக்க" என்று அம்மா எந்திரத்துக்குத் திரும்பினாள்.

மிளகு பகுதிக் குழுவைத் திறந்து, பழைய செய்திகளைப் படிக்க ஆரம்பித்தாள். விளம்பரம், விளம்பரம், காலை வணக்கம், விளம்பரம்.

"மாமா, மத்தவங்க எழுதினதை எல்லாம் படிச்சீங்களா?"

"போடவே நேரம் பத்தல. இதுல படிக்க வேறயா?"

அவருடைய இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே ஒரு செய்தி நசுங்கிக் கிடந்தது. எழுதியவர் ஒரு நர்ஸ். 'பெட்டி ஜிப் பாதியில் சிக்கிவிட்டது. சாயங்காலம் ஊருக்குக் கிளம்ப வேண்டும். என்ன செய்வது, யாருக்காவது தெரியுமா?'

யாரும் பதில் போடவில்லை. யார் கண்ணிலும் பட்டிருக்காது.

"அம்மா, ஜிப் பாதியில சிக்கினா என்ன பண்ணணும்?"

அம்மா தலை நிமிரவில்லை. "முன்னால இழுக்கக் கூடாது. பின்னால கொண்டுபோய், துணி மாட்டியிருந்தா எடுத்துவிடணும். அப்புறம் பல்லு ரெண்டு பக்கமும் மெழுகுவத்தியைத் தேய்ச்சு, மெதுவா இழுத்தா ஓடும்."

மிளகு தட்ட ஆரம்பித்தாள். மாமா துள்ளி எழுந்தார்.

"ஏய், நிறுத்து! தொழில் ரகசியத்தை ஓசியில சொல்லிட்டா எவன் கடைக்கு வருவான்? அதுவுமில்லாம டீச்சர் தூக்கிடுவாங்க!"

மிளகின் விரல் நின்றது. தூக்கிவிட்டால்? அப்புறம் சாவி?

"அவங்க சாயங்காலம் ஊருக்குப் போகணும் மாமா" என்றாள். "இது விளம்பரமும் இல்ல. கேட்டாங்க, சொல்றேன்."

"எழுதட்டும் விடு" என்றாள் அம்மா.

கடைப்பெயரைப் போடாமல், அம்மா சொன்னதை மட்டும் எழுதி அனுப்பினாள். திரையில் உடனே ஒரு வரி தோன்றியது: டீச்சர் தட்டச்சு செய்கிறார்.

"போச்சு" என்றார் மாமா.

வரி மறைந்தது. மீண்டும் வந்தது. அம்மாவின் எந்திரம்கூட நின்றுவிட்டது.

டீச்சர் எழுதியிருந்தார்: 'என் குளிர்சட்டை ஜிப்புக்கும் மெழுகுவத்தி போதுமா?'

சற்று நேரத்தில் நர்ஸ் எழுதினார்: 'ஓடிவிட்டது! ஆனால் சக்கரமும் ஆடுகிறது. அந்த அகில உலகம் நீங்கள்தானா? நிஜமாகவே கடை வைத்திருக்கிறீர்களா? எங்கே?'

மிளகு மாமாவின் விளம்பரங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அகில உலகம் இருந்தது. சிவப்புப் பை இருந்தது. பூ இருந்தது.

"மாமா, எதுலயுமே நம்ம கடை அட்ரஸ் இல்ல."

மாமா போனை எட்டிப் பார்த்தார். "தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்தச் சத்தம் மாடிவரை கேட்டிருக்கும்.

அதற்குள் டீச்சரே பதில் போட்டுவிட்டார்: 'என் வீட்டுக்கு நேர் கீழே. நீலக் கதவு. நன்றாகத் தைப்பார்கள். நாற்காலியில் ஓர் ஆள் இருப்பார், அவரிடம் பேச வேண்டாம்.'

"இது மட்டும் விளம்பரம் இல்லையா?" என்று மாமா உண்மையிலேயே மனம் நொந்து கேட்டார்.

நர்ஸ் போகிற வழியில் பெட்டியைக் கொண்டுவந்தார். மறுநாள் புத்தகப் பையோடு ஒருவர், பிறகு கூடாரத்தோடு ஒருவர். மிளகு தினமும் பள்ளிவிட்டு வந்ததும் குழுவைப் படித்தாள். கேட்டவர்களுக்கு மட்டும் அம்மாவிடம் கேட்டுப் பதில் சொன்னாள். பாதிப் பேர் வீட்டிலேயே சரிசெய்துகொண்டார்கள். அவர்களும் வேறெதையாவது தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

லீவு தொடங்குவதற்கு முந்தைய நாள், மாமாவின் நாற்காலியில்கூடப் பைகள் குவிந்திருந்தன. மாமா மட்டும் எங்கிருந்தோ, இரவல் போன் மாட்டிய ஒரு பெரிய விளக்கோடு வந்து அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"அக்கா, லைவ் போகுது! உலகமே பார்க்குது! சிரி!"

அம்மாவின் விரலில் ஊசி குத்தியது. அவள் எழுந்தாள். தைத்து முடித்த இரண்டு பெட்டிகளை எடுத்தாள். ஒன்றை அவருடைய வலது கையில் திணித்தாள், மற்றதை இடது கையில். விளக்கை அக்குளில் செருகினாள்.

"ரெண்டும் மேல டீச்சருக்கு. கொண்டுபோய்க் கொடு."

"அக்கா, லைவ்..."

"அவங்களையும் காட்டு. மிளகு, கதவு!"

மிளகு கதவைத் திறந்தாள். மாமா பெட்டிகளோடும் உலகத்தோடும் வெளியே போனார். அவள் கதவைச் சாத்தி, ஆணியில் தொங்கிய கடைச் சாவியை எடுத்து உள்ளேயிருந்து பூட்டினாள்.