ஐம்பது வருடங்களுக்கு மேல்

“ஏம்மா, எலும்பு பாக்குறதெல்லாம் ஒரு வேலையா?”

வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பெண்மணி வெரேனாவிடம் ஒருமுறை இப்படிக் கேட்டாள். அவளுடைய கணினியில் தச்சர் இருந்தார், தேனீ வளர்ப்பவர்கூட இருந்தார். எலும்பைப் பார்த்து இறந்தவர் யாரென்று சொல்பவர் மட்டும் இல்லை. கடைசியில் ‘இதர’ என்று தட்டிவிட்டாள்.

ஆஸ்திரியாவில் அந்த வேலைக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. எலும்பு கிடைத்தால் கையெழுத்துப் போடுபவர் தடயவியல் மருத்துவர்தான். மனம் வந்தால் வெரேனாவைக் கூப்பிடுவார். ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு.

இந்த நவம்பரில் டாக்டர் ஹார்ட்விக் கூப்பிட்டிருந்தார். சதுப்பில் வாய்க்கால் வெட்டியபோது கிடைத்த எலும்புகள். பழைய பிணவறையின் அடித்தள அறையில் காலை எட்டு மணிக்கு அவள் பெட்டியைத் திறந்தாள். ஊறிப்போன மண்ணின் வாடை குப்பென்று எழுந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

இருபதைத் தொடாத பெண். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. சாகும்வரை நொண்டியிருப்பாள். கடைவாய்ப் பல்லில் வெள்ளை அடைப்பு.

ஹார்ட்விக் எலும்பின் காப்பிக்கொட்டை நிறத்தை மட்டும் பார்த்தார்.

“ஐம்பது வருஷத்துக்கு மேல.”

ஐம்பதைத் தாண்டினால் வழக்கு இல்லை. மரபணுச் சோதனை இல்லை. பெயரில்லாமல் பொதுக்குழி.

“சதுப்பு மண் சீக்கிரமே கறுக்க வச்சிடும் டாக்டர். அந்தப் பல்லப் பாருங்க. அந்தக் காலத்துல கடைவாய்க்கு இப்படி வெள்ளை அடைப்பு ஏது?”

“பல்லும் நீங்களே பாத்துட்டா நான் எதுக்கு, எலும்பு ராணி? கோர்ட்டோட நிபுணர் பட்டியல்ல உங்க பேரு வரட்டும். அப்புறம் எழுதுங்க.”

சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். பெட்டியை மூடி முத்திரை வைத்துவிட்டு மாடியேறிப் போனார். வெரேனா அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். “நீங்க என்ன பதவி?” என்றார்கள். சொன்னாள். வைத்துவிட்டார்கள்.

டக்.

நடைவழியில் ஒரு கால் தரையில் இழுபட்டது.

டக்.

எட்டிப் பார்த்தாள். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. யாரும் இல்லை. ஆனால் ஓசை அவளைக் கடந்து உள்ளே வந்தது. மேசையருகே நின்றது.

“எழுதச் சொல்றியா?” என்று கிசுகிசுத்தாள். “நான் எழுதினா யாரும் படிக்க மாட்டாங்கம்மா.”

பெட்டிக்குள் எலும்புகள் மெல்ல உரசின.

மூன்று மணிக்கு ஆலாய்ஸ் கிராம்லிங்கர் வந்தார். செய்தித்தாளில் எங்கே எலும்பு என்று படித்தாலும் வந்துவிடுகிற கிழவர். 1996இல் ஊர்த் திருவிழாவில் ஆடப்போன மகள் ரெசி வீடு திரும்பவில்லை.

“டாக்டரம்மா, சதுப்புல கிடைச்சது…”

“நான் வைத்தியர் இல்லைங்க, ஐயா.”

“யாரா இருந்தா என்ன. அவளா?”

எலும்பின் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது. தெரிந்தும் கேட்டுவிட்டாள்.

“உங்க பொண்ணு… எப்படி நடப்பா?”

“ஏழு வயசுல டிராக்டர்லேர்ந்து விழுந்தா. பள்ளிக்கூடத்துல வாத்து, வாத்துன்னு கேலி பண்ணுவானுங்க. ஆட்டம்னு வந்துட்டா அவள ஒருத்தனும் மிஞ்ச முடியாது.”

வெரேனாவின் கண் மேசையிலிருந்த காகிதத்துக்குப் போனது. அதில் இருந்ததைத்தான் அவளால் சொல்ல முடியும்.

“ஐம்பது வருஷத்துக்கு மேலன்னு எழுதியாச்சு, ஐயா.”

கிழவர் தலையாட்டினார். எத்தனையோ முறை ஆட்டிப் பழகிய தலை.

டக்.

இழுவை.

டக்.

அவர் வாய் திறந்தபடியே நின்றது. அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. பெட்டிக்கும் வெரேனாவுக்கும் நடுவே, தன் தோளுயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டார். யாரோ பற்றிக்கொள்ள இடம் விடுவதுபோல முழங்கையைச் சற்று விலக்கி, வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார். கனத்த இரும்புக் கதவை இழுத்துத் திறந்து, ஒருவர் தாண்டிப்போகும் நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் அவரும் போனார்.