முனை கிடைக்காத ஊசி

விடிய இன்னும் வெகுநேரம் இருக்கையில் நிர்மலாவை எழுப்பியது, யாரோ செல்லோடேப்பைச் சுருளிலிருந்து இழுக்கும் சத்தம். முதலில் மெதுவாக, வறட்சியாக, இழுக்க மனமில்லாமல் இழுப்பதுபோல வரும். பிறகு நீளும். முடிவில் பட்டென்று அறுந்துவிடும். அதற்கப்புறம் மின்விசிறியின் கரகரப்பும், பக்கத்தில் பாயில் படுத்திருக்கும் அம்மாவின் மூச்சும், வேலம்பாளையத்துச் சாக்கடையிலிருந்து ஜன்னல் வழியாக ஏறிவரும் பிளீச்சிங் வாடையும்தான் மிஞ்சும்.

வீட்டில் செல்லோடேப்பே கிடையாது.

அவள் செல்போன் வெளிச்சத்தில் நோட்டைத் திறந்து எழுதினாள். படுத்த நேரம் 10.40. விழித்த நேரம் 3.15. எழுப்பியது எது? அந்தக் கட்டத்தை வழக்கம்போல வெறுமையாக விட்டாள்.

தூக்க நோட்டு எழுதச் சொன்னது கவிப்பிரியா. சென்னையில் இருக்கும் மனநல ஆலோசகர். முகம் தெரியாது. வியாழக்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்கு, பெருமாநல்லூர் பனியன் கம்பெனி ஆபீஸில் எல்லோரும் கிளம்பிய பிறகு, நிர்மலா கம்ப்யூட்டர் முன் உட்காருவாள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து இருவரும் பேசிக்கொள்வார்கள். நேரில் என்றால் நிர்மலாவுக்கு நாக்கு எழாது. கல்லூரியில் வேதியியல் வாய்மொழித் தேர்வில் விடை தெரிந்தும் வாயைத் திறக்காமல் நின்றவள். தட்டச்சு என்றால் சொல்லிவிடலாம் என்றுதான் இணையத்தில் தேடிப்பிடித்துச் சேர்ந்தாள்.

"மனதை அழுத்துவது எது, நிர்மலா?" என்று முதல் நாளே கேட்டார் கவிப்பிரியா.

'ஒரு ஊசி' என்று அடித்தாள். அழித்தாள்.

'வேலை அதிகம்ங்க' என்று அனுப்பினாள்.

தையல் பிரிவில் ஊசி உடைந்தால் ஒரு முறை உண்டு. தைத்தவர் உடைந்த துண்டுகள் அத்தனையையும் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். அவற்றைப் பதிவேட்டில் ஒன்றோடொன்று பொருத்தி, முழு ஊசியாக்கி, மேலே செல்லோடேப் ஒட்டி, தரம் பார்க்கும் நிர்மலா கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த லாட்டில் தைத்த துணி முழுவதையும் பிரித்துத் தேடவேண்டும்.

அந்த ஊசி உடைந்த அன்றைக்குச் சரக்கேற்றக் கண்டெய்னர் வாசலில் நின்றது. கைக்குழந்தைகள் போடும் ரோம்பர். மஞ்சள் துணியில் வாத்துப் படம். உலோகம் கண்டுபிடிக்கும் மெஷின் ரிப்பேருக்குப் போயிருந்தது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து வேலை பார்க்கும் நாகஜோதி, இரண்டு துண்டுகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"யக்கா, முனையக் காணோம்க்கா. பச்சப்புள்ள போடுற துணி. வாயில வச்சுச் சப்பும்க்கா. இன்னொருக்கா பிரிச்சுப் பாத்துருவம்."

"மூவாயிரம் பீஸுங்க. விடிஞ்சுரும். நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."

அவள் பார்க்கவில்லை. பழைய ஊசி ஒன்றின் முனையைக் குறடால் கடித்து எடுத்து, அந்த இரண்டு துண்டுகளோடு சேர்த்து ஒட்டினாள். அச்சு அசலாகப் பொருந்தியது. கையெழுத்துப் போட்டாள்.

கப்பல் போய்ச் சேர இருபத்தாறு நாள். அதற்குள் வெளிநாட்டு வியாபாரிக்கு ஒரு மெயில் போட்டால் போதும். அட்டைப்பெட்டிகளை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அவள் வேலை போகும். கம்பெனிக்கு அந்த வியாபாரி போய்விடுவான். ஆனால் எந்தக் குழந்தையும் அதைப் போடாது. தினமும் காலையில் அதை நினைத்தாள். தினமும் மாலையில் கம்ப்யூட்டரை அணைத்தாள்.

இரண்டாம் வியாழன் சத்தத்தைப் பற்றி மட்டும் சொன்னாள்.

"மறுபடி கேட்டால் படுத்தே இருக்காதீர்கள்," என்றார் கவிப்பிரியா. "எழுந்து விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் இருக்காது. அதை மனம் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்."

அவள் விளக்கைப் போடவில்லை. ஒவ்வொரு முறையும் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை நோட்டைத் திறந்தபோது, வெறுமையாக விட்ட கட்டத்தில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டியிருந்தது. ஊசி நீளம். அடியில் ஒன்றுமில்லை. ஓரத்தில் அவள் கையெழுத்து.

நகத்தால் சுரண்டினாள். வரவில்லை.

அடுப்படியிலிருந்து அம்மா பழனியம்மாள் எட்டிப்பார்த்தாள். "ஏங்கண்ணு, ராத்திரி யாரூட்டுக் கொழந்தைய மடீல வெச்சிருந்தே?"

"என்னம்மா சொல்றீங்க?"

"செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தியே. நானும் தூக்கக் கலக்கத்துல பக்கத்தூட்டுதாட்ட இருக்குதுன்னு திரும்பிப் படுத்துட்டேன்."

பக்கத்து வீட்டில், வடக்கேயிருந்து வேலைக்கு வந்த மூன்று ஒடியாப் பையன்கள் தங்கியிருந்தார்கள். அந்தச் சந்திலேயே கைக்குழந்தை கிடையாது.

"கனவாயிருக்கும்மா."

"இருக்கும். ஆனா அழுகவே இல்ல பாரு அது. அதுதான் பாவமா இருந்துச்சு."

மூன்றாம் வியாழன். இருபத்துநான்காம் நாள். அன்று பகல் முழுக்க நாகஜோதி தலையைத் தூக்கவே இல்லை. டீ நேரத்தில் மட்டும் ஒருதரம் நிர்மலாவைப் பார்த்து, உடனே பார்வையை இறக்கிக்கொண்டாள். ஏழு மணிக்கு நிர்மலா உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் அடித்தாள். உடைந்த ஊசி. இல்லாத முனை. குறடு. கையெழுத்து. 'யாருகிட்ட மொதல்ல சொல்லணும்ங்க?' என்று முடித்தாள். அனுப்பும் பட்டன்மேல் விரல் வைத்தாள்.

கதவு திறந்தது. வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அருள்குமார், கையில் ஸ்வீட் பாக்ஸ்.

"ஏனுங்க நிர்மலா, கண்ணு ரெண்டையும் டையிங்ல முக்கி எடுத்தாப்டி இருக்குதுங்க! இந்தாங்க, மைசூர்பா. நம்ம ரோம்பர் ஒரு வாரம் முன்னாலயே எறங்கிருச்சு. கடைக்கே போயிருச்சுங்களாமா. அதே பீஸ் இன்னும் இருவதாயிரம் கேக்கறாங்க."

"கடைக்கே போயிருச்சுங்களா?"

"வித்துட்டே இருக்குதுங்க. எல்லாம் உங்க செக்கிங்தானுங்க."

அவர் போன பிறகும் நெய் வாசனை அறையிலேயே நின்றது. இப்போது சொன்னாலும் கடையிலிருந்து எடுத்துவிடலாம். அவளுக்குத் தெரியும். திரையில் அவள் எழுதியது அப்படியே இருந்தது. விரல் பட்டனிலிருந்து நகர்ந்தது. கடைசி எழுத்திலிருந்து அழிக்க ஆரம்பித்தாள். கையெழுத்து போனது. குறடு போனது. முனை போனது. ஊசி போனது.

'இப்ப நல்லா தூக்கம் வருதுங்க' என்று அனுப்பினாள்.

"மிக்க மகிழ்ச்சி," என்று பதில் வந்தது.

அன்று இரவு படுத்ததும் தூங்கிப்போனாள். கனவில்லாத தூக்கம்.

சத்தம்.

இந்த முறை அறைக்கு அப்பாலிருந்து வரவில்லை. அருகில். மிக அருகில். அவள் தாடைக்குக் கீழே.

அவள் படுத்திருக்கவில்லை. உட்கார்ந்திருந்தாள். முதுகில் சுவரின் குளிர்ச்சி. மடியில் கனம். வெதுவெதுப்பான, நாலைந்து கிலோ கனம். புதுத்துணி வாடை. அதனடியில் பால் வாடை.

எழுந்து விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் இருக்காது.

எழ முடியவில்லை. சுவிட்ச் தலைக்குமேல்தான் இருந்தது. கையை உயர்த்தித் தடவினாள். அழுத்தினாள்.

டியூப்லைட் ஒருமுறை மின்னி அணைந்தது. மஞ்சள் துணி.

மறுபடி மின்னியது. வாத்துகள்.

எரிந்தது.

அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள். அவள் பார்வை நிர்மலாவின் மடியில் இருந்தது.

நிர்மலா குனிந்தாள்.

கழுத்து பின்னால் வளைந்திருந்தது. முகம் நீலம். வாய் அகலமாகத் திறந்திருந்தது. அது அழவில்லை. அழ அதனால் முடியவில்லை. கையெழுத்துப் போடும் அவள் விரலை ஐந்து சின்ன விரல்களும் இறுக்கிப் பிடித்திருந்தன.

அது மூச்சை உள்ளே இழுத்தது.

முதலில் மெதுவாக, வறட்சியாக. பிறகு நீளமாக.

நீண்டுகொண்டே போனது.