இருபத்தேழாவது உலகம்

இருபத்தாறு உலகங்களிலும் சஜீவன் செத்துப்போயிருந்தார்.

கார்டிஃபில், வேல்ஸ் பேரவையின் விசாரணை அறையில், சுவரளவு திரைக்கு முன்னால் நிரோஷா உட்கார்ந்திருந்தாள். மாற்றுலகக் கணி என்ற கணினி அவள் புருஷனை ஒவ்வோர் உலகமாகச் சாகடித்துக் காட்டிக்கொண்டிருந்தது. ஆளும் கட்சிக்குப் பதிலாக எதிர்க்கட்சி ஆண்டிருந்தால், அம்புலன்ஸ் நான்கு மணி நேரம் ஏழு நிமிடம் கழித்து வருகிறது, சஜீவன் சாகிறார். லண்டன் கூடுதல் நிதி தந்திருந்தால், லண்டனே நேராக ஆண்டிருந்தால், வேல்ஸ் தனிநாடாகவே பிரிந்து போயிருந்தால், எல்லாவற்றிலும் வண்டி வந்தது. எல்லாவற்றிலும் பிந்தித்தான் வந்தது. நாம் இருக்கிற இந்த உலகத்தில் அது பிந்தியது நான்கு மணி நேரம் பத்து நிமிடம். சஜீவனின் மூச்சு மூன்றாவது மணி நேரத்திலேயே நின்றுவிட்டது.

முன்பெல்லாம் அவர்கள் ஊரான கும்வென் பள்ளத்தாக்கில் இப்படி ஒருவர் செத்தால் கார்டிஃப் லண்டனைக் கைகாட்டும்: காசு தரவில்லை. லண்டன் கார்டிஃபைக் கைகாட்டும்: மருத்துவத்தை உங்களிடம்தானே ஒப்படைத்தோம். ஆசுபத்திரிகளை நடத்தும் நலவாரியம் ஊர்மன்றத்தைக் காட்டும்: நோய் குணமான கிழவர்களை வீட்டில் பார்க்க ஆளில்லை, அவர்கள் எழுந்தால்தானே கட்டில் காலியாகும், கட்டில் காலியானால்தானே வாசலில் நிற்கும் அம்புலன்ஸ் ஆளை இறக்கும்? ஊர்மன்றம் மறுபடி கார்டிஃபைக் காட்டும். ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டு மாட்டைத் தூக்கி ஆட்டில் போடுகிற இந்த வித்தையில் எல்லோரும் கைதேர்ந்திருந்தார்கள்.

அதற்கு முடிவு கட்டத்தான் விடைச்சட்டம் வந்தது. கட்சிகள் தேர்தலில் கொடுத்த விஞ்ஞாபனங்களைக் கணி விழுங்கி, அவற்றின்படி நடந்திருக்கக்கூடிய நாட்டை அப்படியே கட்டிக் காட்டும். எவர் வேறு விதமாக நடந்திருந்தால் ஒரு சாவு தவிர்ந்திருக்குமோ, அவர் எழுந்து நின்று, “இது என் பிழை” என்று சொல்லிப் பதவியை விட வேண்டும். இந்தச் சட்டம் வேண்டுமென்று கும்வென் கடைத்தெருவில் மழைக்குள் நின்று கையெழுத்து வாங்கியவர்களில் நிரோஷாவும் சஜீவனும் இருந்தார்கள். சஜீவன் பேருந்து ஓட்டுநர். பயணிகள் இறங்கும்போது தாளை நீட்டி, கையெழுத்துப் போட்டால்தான் கதவு திறக்கும் என்று பகிடி விடுவார்.

சட்டம் வந்து ஒன்பது வருடமாகிவிட்டது. இதுவரை ஒருவர்கூட எழுந்ததில்லை.

நிரோஷா நட்டஈடு கேட்கவில்லை. எவரையும் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை. யாராவது ஒருவர் எழுந்து அந்த மூன்று சொல்லைச் சொன்னால் போதும் என்றிருந்தாள். அதைக் கேட்டுவிட்டால் வீட்டுக்குப் போய் அவருடைய சப்பாத்துகளை எடுத்து வைக்கலாம். பதினொரு மாதமாக அவை கதவடியிலேயே கிடக்கின்றன.

இடைவேளையில் ஆரூரன் அவளுக்குக் கோப்பி வாங்கி வந்தான். எதிர்க்கட்சி உறுப்பினன், கும்வென்னில் பிறந்து வளர்ந்தவன், சஜீவனின் சாவீட்டில் பெட்டியைத் தோளில் சுமந்தவன். அவன்தான் இந்த விசாரணைக்கே வழி பண்ணிக் கொடுத்தான்.

“தம்பி, உங்கட கட்சியின்ர உலகத்திலயும் அவர் செத்திட்டார். அம்புலன்ஸ் கூட்டுவம் எண்டெல்லோ மேடையில சொன்னனீங்கள்?”

“சொன்னனாங்கள்தான் அன்ரி. விஞ்ஞாபனத்தில எழுதேல்லை.”

“ஏன்?”

ஆரூரன் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். “எழுத முன்னமே ரெண்டு கட்சியும் கணியில ஓட்டிப் பாக்கிறவை. எங்கட உலகமும் அவையின்ர உலகமும் எங்கையாவது வேறுபட்டா ஆரோ ஒராள் மாட்டுப்படுவார். இண்டைக்கு அவை, நாளைக்கு நாங்கள். அதால ரெண்டும் ஒண்டாகும்வரைக்கும் திருத்துறது. வித்தியாசம் இருந்தாத்தானே அன்ரி பிடிபடுறது?”

“அப்ப நாங்கள் என்னத்துக்கு வோட்டுப் போட்டனாங்கள்?”

அவன் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தான். நிரோஷாவுக்கு அந்தக் கோப்பியை அவன் முகத்தில் ஊற்ற வேண்டும் போலிருந்தது. ஊற்றவில்லை. உள்ளே போனதும் எழுந்து நின்று, சட்டத்தின் பதினான்காம் பிரிவின்படி தேடச் சொன்னாள். கட்சி, அரசு என்றில்லாமல், உயிரோடிருக்கும் ஒவ்வொரு மனிதரையும் கணி தேட வேண்டும். ஒரே ஒருவர் வேறு விதமாக நடந்து சஜீவன் பிழைத்திருந்தால், அவரைக் காட்ட வேண்டும்.

ஆரூரன் அவள் கையைப் பிடித்தான். “அதை மட்டும் கேளாதேங்கோ அன்ரி.”

“ஏன், இன்னும் ஆரைக் காப்பாத்தப் பாக்கிறாய்?”

விசாரணைத் தலைவர் கெரிஸ் பிரைஸின் குரல் காதிலிருந்த மொழிபெயர்ப்பியில் தமிழாக வந்தது. “அம்மா, தொடங்கினால் நிறுத்த முடியாது. உறுதியாகத்தான் கேட்கிறீர்களா?”

“உறுதியாகத்தான்,” என்றாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இது மழையில் நின்று கையெழுத்துச் சேர்த்து வைத்த சூனியம்.

நாற்பது நிமிடம் தேடியபின் இருபத்தேழாவது உலகம் திரையில் விரிந்தது. பிற்பகல் இரண்டரை மணி. கும்வென்னில் அவர்கள் வீட்டுச் சமையலறை. சஜீவன் நெஞ்சைப் பிடித்தபடி தரையில் சரிகிறார். நிரோஷா தொலைபேசியை எடுக்கிறாள். “அவரை அசைக்க வேண்டாம், வண்டி வந்துகொண்டிருக்கிறது,” என்கிறது அம்புலன்ஸ் நிலையத்துக் குரல். திரையிலிருந்த நிரோஷா தொலைபேசியை எறிந்துவிட்டு, அவரை இழுத்துக்கொண்டு போய்க் காரின் பின்சீற்றில் போட்டாள். இருபத்திரண்டு நிமிடத்தில் ஆசுபத்திரி வாசல். வரிசையாக நின்ற அம்புலன்சுகளைத் தாண்டி, அவரைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த காட்சியில் சஜீவன் கட்டிலில் சாய்ந்திருந்து, தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

நிரோஷா திரையைக் கைகாட்டிக் கத்தினாள். “அந்தக் குரல் அசைக்க வேண்டாம் எண்டது! அது சொன்னபடி நான் கேட்டன். மூண்டு மணித்தியாலம் அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன்!”

“அந்த அறிவுரை எல்லா உலகங்களிலும் ஒன்றுதான் அம்மா,” என்றார் தலைவர். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. “வண்டி பிந்தியதும் அப்படியே. வேறுபடாததைக் கணி காரணமாக எடுப்பதில்லை. வேறுபட்டது நீங்கள் மட்டுமே.”

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். சட்டத்தில் எவருக்கும் விலக்கு இல்லை. விலக்கே கூடாது என்று அன்றைக்குக் கையெழுத்துத் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அறை முழுக்க அவளைப் பார்த்துக் காத்திருந்தது. திரையில் சஜீவன் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துத்தான் நிரோஷா எழுந்தாள்.

“ஓமப்பா. இது என்ர பிழைதான்.”

மொழிபெயர்ப்பிகள் அதை ஆங்கிலத்திலும் வேல்ஸ் மொழியிலும் எல்லாக் காதுகளிலும் சொல்லின. பிறகு ஆளும் கட்சி எழுந்து கைதட்டியது. எதிர்க்கட்சியும் எழுந்தது. ஒன்பது வருடத்தில் முதன்முறையாகச் சட்டம் வேலை செய்திருந்தது. ஆரூரனும் தலையைக் குனிந்துகொண்டு கைதட்டினான்.

எழுத்தர் பதவி துறப்புப் படிவத்தைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார். துறக்கும் பதவி என்ன என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. தனக்குப் பதவி எதுவும் இல்லையே என்றாள் நிரோஷா. எழுத்தர் கொஞ்சம் யோசித்து, சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தில் அவரே “வாக்காளர்” என்று எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.