அடிச்சது நானா?

ஃபோன் அடித்தது.

கலாநிதி மதனி இராஜரத்தினம் அதை எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தாள்.

"ஓம், மதனி கதைக்கிறன்."

"மேடம், இன்ஸ்பெக்டர் இருளப்பன் பேசுறேன். அம்பிட்டியவுல ஒரு கொலை. ஃபாஸில் ஹாஜியாரோட கராம்பு ஸ்டோர்ல."

"ஐயோ... ஆர் செத்தது?"

"மஹ்மூத்னு ஸ்டோர்ல வேலை பாத்த பெரியவரு. தலையில அடிச்சிருக்காங்க. தராசுப் படியால."

மதனியின் கையிலிருந்த கோப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

தராசுப் படி! இரும்பு எடைக்கல்!

"ஆளப் புடிச்சாச்சு. பொணத்த மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். சட்டையெல்லாம் ரத்தம். சிறைக் கோப்புல பாத்தேன், உங்க ஆராய்ச்சியில இருந்த பையன்தான் மேடம். ஷாமில். ஹாஜியாரோட தம்பி."

"அவன் என்ன சொல்லுறான்?"

"வாயே தொறக்கல. நாளைக்கு நீதவான் முன்னுக்கு நிப்பாட்டணும். நீங்க வந்து ஒரு வாக்குமூலம் குடுத்தீங்கன்னா நல்லது. இது திருந்தாத கேஸுன்னு ஒரு வரி... அது போதும்."

ஒரு வரி. அந்த ஒரு வரியில் ஒருவனின் மிச்ச ஆயுள் மொத்தமும் உள்ளே போய்விடும்.

"வாறன்," என்றாள் மதனி.

யார் இந்த மதனி? சிறைக்குப் போனவன் ஏன் திருந்துகிறான், ஏன் திருந்தாமல் மறுபடி போகிறான் என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு வருடக்கணக்காக மண்டையைப் போட்டு உடைத்தவள். கைதிகளைச் சிறைக்குள்ளேயே சந்தித்து, பேச்சைப் பதிவு செய்து, தமிழிலேயே ஒரு நூல் போட்டாள். பெயர் இல்லை, ஊர் இல்லை, செய்த குற்றம் இன்னதென்று கூட இல்லை. ஒன்றாம் ஆள், இரண்டாம் ஆள் என்று எண்கள் மட்டும்தான். நூலின் சாரம் இவ்வளவுதான்: செய்ததை ஒப்புக்கொள்கிறவன் திருந்துவான். மறுக்கிறவன் மறுபடியும் செய்வான்.

மறுக்கிறவனுக்கு உதாரணம், ஏழாம் ஆள்.

அதுதான் ஷாமில். பத்தொன்பது வயதில் ஒரு மிளகுத் தரகரைத் தராசுப் படியால் அடித்துக் கொன்றதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவன், மதனியிடம் மட்டும் தலைகீழாகப் பேசினான்.

'அடிச்சது நானா?'

இந்தக் கேள்வியை வைத்து ஒரு அத்தியாயமே எழுதினாள். அவனை முன்கூட்டியே விடலாமா என்று அதிகாரிகள் கேட்டபோது, வேண்டாம் என்றாள். முழுத் தண்டனையும் கழித்துவிட்டுத்தான் வந்தான். வந்து சில மாதம் கூட ஆகவில்லை... இதோ!

ஜீப் மலையேறியது. மதனிக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. சொன்னேனே... எழுதினேனே...

சீ! செத்த வீட்டுக்குப் போகிறவளுக்கு வருகிற நினைப்பா இது? அமுக்கிக்கொண்டாள். முழுதாக அமுங்கவில்லை.

ஸ்டோரில் கராம்பு வாசம் மூக்கைத் துளைத்தது. அதற்கடியில் இன்னொரு வாசமும் இருந்தது. சாக்குகளுக்கு நடுவில் மஹ்மூத் வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். அவருடைய மூக்குக் கண்ணாடி மட்டும் உடையாமல் ஓரமாகக் கிடந்தது.

"அடிச்ச படியைக் காணலை மேடம்," என்றார் இருளப்பன். ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் பிறந்து இன்ஸ்பெக்டர் வரைக்கும் வந்தவர். பிணத்தைப் பார்த்துப் பார்த்து நாக்கில் கொஞ்சம் குசும்பு ஏறிப்போன ஆள். "பொணத்த மடியில வச்சிருந்தவன் படிய மட்டும் எங்கயோ கொண்டுபோய் ஒளிச்சுட்டு வந்து திரும்ப உக்காந்திருக்கான். விசித்திரமான பயல்."

"அவன் எங்கை?"

"வெளியில ஜீப்புல. முதல்ல மேல வாங்க. ஹாஜியார் காத்துக்கிட்டிருக்காரு."

ஸ்டோருக்கு மேலேதான் வீடு. ஃபாஸில் ஹாஜியார் கதிரையிலிருந்து எழுந்து நின்றார். வெள்ளைத் தாடி, வெள்ளைத் தொப்பி, சிவந்த கண். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு வேலை கொடுக்கிற புண்ணியவான். மதனியின் நூல் வெளியீட்டுக்குத் தலைமை தாங்கியவர். முதல் பக்கத்தில் நன்றி அவருக்குத்தான்.

"உக்காருங்க மேடம். என்ட தம்பி எண்டு ஊட்டுக்குள்ள சேத்தேன். இப்ப மஹ்மூத் மாமா மௌத்து. நான் என்னத்த செய்ய?"

"எனக்கும் கவலையா இருக்குது ஹாஜியார்."

"நீங்க அன்டைக்கே எழுதியீக்கிறீங்களே. அந்த ஏழாவது ஆள் திருந்த மாட்டான் எண்டு. நான்தான் கேக்கல்ல."

மதனி தலையாட்டினாள். அவர் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

"காலையில என்ன நடந்துச்சு ஹாஜியார்?" என்று கேட்டார் இருளப்பன்.

"எனக்குத் தெரியா. நான் கீழ எறங்கவே இல்ல. ஷாமில்தான் ஸ்டோரத் தொறந்திக்கான். சத்தம் கேட்டுத்தான் போனேன்."

அவர்களின் தங்கை ஜஹானா ப்ளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். ஃபாஸிலுக்கு இளையவள், ஷாமிலுக்கு மூத்தவள். இருளப்பன் சும்மா கேட்கிற மாதிரி அவளிடம் திரும்பினார்.

"தங்கச்சி, இன்னிக்கு ஸ்டோர் கதவத் தொறந்தது யாரு?"

"தொறந்தது நானா," என்றாள் ஜஹானா.

மதனி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அதைத்தான் தங்கச்சி அவர் உங்களிட்டைக் கேக்கிறார். திறந்தது நீங்களா?"

ஜஹானா விழித்தாள். "நான் இல்ல மிஸ். நானா. இவரு."

அவள் கை ஃபாஸிலைக் காட்டியது.

"அது நேத்து, புள்ள," என்றார் ஃபாஸில், குரல் உயராமல். "அவளுக்குப் பயத்துல எல்லாம் கொழம்பியீக்கி."

ஜஹானா தலையைக் குனிந்துகொண்டாள்.

மதனி எழுந்தாள்.

"ஒரு நிமிஷம்..."

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தாள். நானா! முஸ்லிம் வீடுகளில் நானா என்றால் அண்ணன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு அது தெரியாதா என்ன? கண்டிக்கு வந்த நாளிலிருந்து கடைக்குக் கடை 'நானா, தேங்காய் என்ன விலை' என்று அவளும்தான் கேட்கிறாள். தெரிந்த வார்த்தை. ஆனால் கொலைகாரன் மறுப்பான் என்று காத்திருந்த காதுக்கு, மறுப்புத்தான் கேட்டது. பேசியது அவன். கேள்விக்குறி போட்டது இவள்.

ஃபோனில் அந்தப் பழைய பதிவு இன்னும் இருந்தது. காதில் மாட்டினாள்.

சிறைச் சத்தம். கதவுச் சத்தம். பிறகு ஒரு பையனின் குரல், மிகவும் தாழ்ந்து...

"அடிச்சது நானா. உம்மாட்ட சொல்லிராதீங்க மிஸ். தாங்க மாட்டா."

குரல் எங்கேயும் உயரவில்லை. கேள்வியே இல்லை! இரண்டாவது வாக்கியம் அவளுடைய நூலில் கிடையாது. முதல் வாக்கியத்தோடு பொருந்தவில்லை என்று மதனியே வெட்டி எறிந்திருந்தாள்.

ஜீப்புக்கு ஓடினாள். ஷாமில் விலங்கோடு உட்கார்ந்திருந்தான். சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"ஷாமில்... தரகரை அடிச்சது உங்கடை அண்ணனா?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அன்டைக்கே சொன்னேனே மிஸ்."

"எனக்கு விளங்கேல்லை..."

"நீங்க தலையாட்டினீங்க. பொறகு புஸ்தகத்துலயும் வந்திச்சி. வந்தும் ஒண்டும் நடக்கல்ல. உண்மையச் சொன்னாலும் இவ்வளவுதான் எண்டு வாய மூடிட்டேன்."

"ஏன் அண்டைக்குக் குற்றத்தை ஏற்றீங்கள்?"

"உம்மாக்கு அவருதான் உசிரு. நான் இல்லாட்டியும் இருப்பா. அவரு இல்லாட்டி இருக்க மாட்டா."

"இண்டைக்கு?"

"நான் வரக்கொள்ள மாமா கீழ கெடந்தாரு. தூக்கினேன். வேற என்ன செய்ய?"

மதனி ஒழுங்காகக் கேட்டிருந்தால் இந்தப் பையன் எப்போதோ வெளியே வந்திருப்பான். ஃபாஸில் எப்போதோ உள்ளே போயிருப்பான். மஹ்மூத் இந்நேரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கராம்பு நிறுத்துக்கொண்டிருப்பார்!

அப்போதுதான் அது உள்ளே இறங்கியது.

ஏழாவது ஆள்!

மேலே ஏறினாள். ஹாஜியாரின் அலுமாரியில் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நூல் இருந்தது. எடுத்து, ஏழாம் ஆளின் பக்கத்தை விரித்து, அவர் முன்னால் நீட்டினாள்.

"ஹாஜியார், இந்த வரியை ஒருக்கா வாசிச்சுக் காட்டுவியளோ?"

"என்னத்துக்கு மேடம்?"

"ஒரு வரிதானே."

இருளப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வாசிங்க ஹாஜியார். நானும் கேக்குறேன்."

ஃபாஸில் கண்ணாடியை மாட்டினார். வாசித்தார்.

"அடிச்சது நானா."

தட்டையாக. இறங்கிய குரலில். அண்ணன் என்று!

"அதிலை கேள்விக்குறி இருக்குது ஹாஜியார்," என்றாள் மதனி. "முழுப் பெரிசா. நீங்கள் அதை விட்டிட்டு வாசிச்சனீங்கள்."

"சும்மா... வாய் தவறி..."

"சரி. ஏழாம் ஆள் ஷாமில் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? இதிலை பேர் இல்லை. என்ன குற்றம் எண்டு கூட இல்லை. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இந்த ஒரு வரியை வச்சு ஆளைக் கண்டுபிடிக்க ரெண்டு பேராலைதான் ஏலும். சொன்னவன் ஒராள். அடிச்சவன் மற்றாள்."

"மேடம், ஒரு வார்த்தைய வச்சு மனிசன..."

"ஒரு வார்த்தையை வச்சுத்தான் ஹாஜியார் நான் உங்கடை தம்பியை உள்ளை வச்சிருந்தனான்."

இருளப்பன் ஃபாஸிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஃபாஸில் தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஜஹானா எத்தனை வருடம் பயந்திருந்தாளோ... இன்றைக்குப் பயப்படவில்லை.

"மஹ்மூத் மாமாக்குப் பழைய கதை தெரியும்," என்றாள். "அந்தப் புஸ்தகத்தக் கண்ட நாள்ல இருந்து நானாக்கு நிம்மதி இல்ல. இன்டைக்கு மாமா ஸ்டோர்ல வச்சி, பொலிஸுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லப் போறேன் எண்டாரு. நான் படிக்கட்டுல நிண்டேன். இன்டைக்கி அடிச்சதும் நானா."

"ஜஹானா!"

"படி கெணத்துக்குள்ள ஈக்கி சேர். போட்ட சத்தம் கேட்டிச்சி."

ஃபாஸில் கதிரையில் சரிந்து உட்கார்ந்தார். உள்ளறையிலிருந்து உம்மாவின் இருமல் சத்தம் கேட்டது.

கிணற்றிலிருந்து படியை எடுத்தார்கள். ஷாமிலின் கையிலிருந்த விலங்கு அண்ணனின் கைக்கு மாறியது. ஜீப்புக்குப் பக்கத்தில் மதனி ஷாமிலின் முன்னால் போய் நின்றாள்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஷாமில்."

"என்னட்ட கேட்டு என்ன மிஸ்," என்றான் அவன், ஸ்டோர் பக்கம் பார்த்தபடி. "மாமாட்டல்லவா கேக்கணும்."

அவள் அழுதாள். வாய்விட்டே அழுதாள்.

இருளப்பன் அந்த நூலைச் சான்றுப் பொருளாகப் பைக்குள் போட்டுக் கட்டினார். அவள் அழுது ஓயும் வரைக்கும் காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மனசத் தளர விடாதீங்க மேடம். உங்க புஸ்தகத்தச் சரியா வெளங்கி வாசிச்ச வாசகர் இந்தக் கண்டியிலேயே ஒரே ஒருத்தருதான்... அவரையும் இப்ப உள்ள தள்ளப் போறோம்!"