முதலில் இருந்தபடியே

அன்று சாயங்காலம் வாசல் கதவு கிறீச்சிடவில்லை.

வாடகைக்கு வந்த நாள் முதல் அந்தக் கதவு தெருவையே கூட்டித்தான் திறக்கும். ஆழ்வார்குறிச்சியில் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் நடத்திவிட்டு, பஸ்ஸில் நசுங்கி, மழையில் நனைந்து, கல்லிடைக்குறிச்சி வீட்டுக்கு வந்து பெருமாள்ராஜ் கதவைத் தள்ளுவான். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் முத்துராணி காப்பிக்குப் பால் வைப்பாள். இன்று கதவு சொல்லாமல் கொள்ளாமல் விலகிக்கொண்டது. எண்ணெய் விட்டாயா என்று மனைவியிடம் கேட்டான். விடவில்லை, நீங்கள் வந்ததே தெரியவில்லை என்று அடுக்களையிலிருந்து சொன்னாள். அதற்குள் அவன் ஈரச் சட்டையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

அங்கேதான் அவனுக்கு மரியாதை இருந்தது. பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஆசைக்குச் சின்னச் சின்ன கேம் செய்கிறவர்களின் இணையக் குழு அது. யார் எதைச் செய்து போட்டாலும் பெருமாள்ராஜ் ஆடிப் பார்த்து என்ன சொல்லப் போகிறான் என்று காத்திருப்பார்கள். முதலில் மனதாரப் பாராட்டுவான், பிறகு பைய குறைக்கு வருவான். யாரையும் நோகடிக்காமல் சொல்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பெயர். அவன் சொந்தமாகத் தொடங்கிய கேம் பல வருஷமாகப் பாதியில் கிடந்ததையும், அடுத்தவன் முடித்துவிட்டானே என்று அவன் வயிறு எரிவதையும், எந்த கேமையும் ஒரு தம்ளர் காப்பி தீரும்வரைக்கும்தான் ஆடுவான் என்பதையும் அவன் மட்டும் அறிவான்.

போன வாரம் சாலோமி என்று ஒரு புதுப் பெண் பேய் கேம் ஒன்றை அனுப்பியிருந்தாள். ஒரு வீடு, அதற்குள் நடக்க வேண்டும், அவ்வளவுதான். அரைக் கண்ணால் ஆடிவிட்டு வழக்கம்போல எழுதினான். அடுக்களையில் நிற்கும் பெண்ணின் முகம் எந்தப் பக்கம் போனாலும் தெரியாதபடி செய்திருப்பது அபாரம், அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். கதவுச் சத்தம் காதைக் குடைகிறது, எடுத்துவிடலாம். பின்னால் இருக்கும் சன்னல் வெளிச்சம் பயத்தைக் கெடுக்கிறது, அடைத்துவிடலாம். அந்தப் பெண் ஒரே பேச்சைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், போனால் ஒன்றும் நடப்பதில்லை, அந்தக் குரல் தேவையா என்று யோசியுங்கள்.

இப்போது சாலோமியிடமிருந்து பதில் வந்திருந்தது. மாற்றிக்கொண்டிருக்கிறாளாம். புதிய கேமைக் கூடவே வைத்திருந்தாள்.

"ஏங்க, இங்கன கொஞ்சம் வாங்களேன்" என்று முத்துராணி கூப்பிட்டாள்.

இந்தா வாரேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தான். அவள் ஒரு நாளில் எத்தனையோ தடவை அப்படிக் கூப்பிடுவாள். எதற்கென்று அவன் எழுந்து போய்க் கேட்டு வெகு காலமாகிறது.

கேம் திறந்துகொள்ளும் நேரத்தில் அவன் மூக்குக்கு ஏதோ குறைந்தது. பக்கத்து வீட்டில் அப்பளம் போடுகிறார்கள். உளுந்து மாவும் பெருங்காயமும் கலந்த அந்த வாசனை மழைக் காற்றோடு வந்து எப்போதும் முதுகில் படும். கூடவே கால்வாய்க்கு அப்பால் வயல்காட்டுத் தவளைகளின் ஓயாத இரைச்சல். இன்று வாசனையும் இல்லை, தவளையும் இல்லை, ஓட்டின்மேல் மழை விழும் சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. சன்னலைச் சாத்திவிட்டாள் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தான்.

அங்கே சுவர் இருந்தது. பழைய சுண்ணாம்பு, கீழே ஈரம் ஏறிய கறை, நடுவில் ஒரு பல்லி. புதிதாகக் கட்டியதற்கு ஒரு அடையாளமும் இல்லை. கையை வைத்துப் பார்த்தான், சில்லென்றிருந்தது.

முத்துராணி காப்பியோடு வந்து அவன் பின்னால் நின்றாள். சன்னல் எங்கே என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"என்ன சொல்லுதிய? அங்கன எப்ப சன்னல் இருந்துச்சு? நாம வந்த நாள்லருந்து செவருதான." தம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கதவு. சன்னல். இரண்டுமே அவன் எழுதிய குறைகள். திரையைப் பார்த்தான். கேமில் அதே அறை. அதே நாற்காலி. மேசையில் ஆவி பறக்கும் தம்ளர். சன்னல் இருந்த இடத்தில் சுவர், சுவரில் பல்லி. போன வாரம் இதே வீட்டுக்குள்தான் நடந்திருக்கிறான், தன் வீடென்று தெரியாமல். அம்புக்குறியை அழுத்தி அடுக்களைப் பக்கம் நகர்ந்தான். அடுப்புக்கு முன்னால் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தூக்கிச் செருகிய சேலை. இடது தோளில் ஈரத்துண்டு. முத்துராணி துண்டை அப்படித்தான் போட்டுக்கொள்வாள்.

கீழே சாலோமியின் எழுத்து ஓடியது. "கதவு முடிஞ்சுது அண்ணாச்சி. சன்னல அடச்சாச்சு. அக்கா குரலதான் இப்ப எடுத்துக்கிட்டிருக்கேன்."

"முத்து" என்று கத்தினான்.

அடுக்களையில் ஏதோ விழும் சத்தம் கேட்டது.

ஓடினான். அடுக்களையில் கரண்டி தரையில் கிடந்தது. முத்துராணி அவனைப் பார்த்து வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். காற்றுகூட வரவில்லை. இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். நரம்பு புடைத்தது. அவன் கண் அந்தத் தொண்டையிலேயே நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பேசமாட்டாளா என்று ஏங்கினான்.

திரும்பி ஓடினான். கீபோர்டில் சாலோமிக்குத் தட்டினான். நான் சொன்னது தப்பு. எந்தக் குறையும் இல்லை. ஒன்றையும் மாற்ற வேண்டாம். எல்லாவற்றையும் முதலில் இருந்தபடியே வைத்துவிடுங்கள். உங்களைக் கும்பிடுகிறேன்.

அவள் எழுதுவதைக் காட்டும் புள்ளிகள் திரையில் துடித்தன. நின்றன. துடித்தன.

"சரிங்க அண்ணாச்சி."

வாசல் கதவு தானாக அசைந்து கிறீச்சிட்டது. முதுகில் ஈரக் காற்று. உளுந்து மாவு வாசனை. தவளைகள். அவன் திரும்பவில்லை, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அப்போது அடுக்களையிலிருந்து அவள் குரல் வந்தது. அதே பழைய குரல்.

"ஏங்க, இங்கன கொஞ்சம் வாங்களேன்."

"இந்தா வந்துட்டேன்" என்று எழுந்தான். எழும்போது திரை கண்ணில் பட்டது.

"மொதல்ல நான் செஞ்சிருந்தபடியே வச்சாச்சு. உங்களுக்குப் பிடிச்சதும் அதுலதான இருக்கு."

என்ன பிடித்தது? நினைவுக்கு வரவில்லை. நடந்தான். பாதித் தூரத்தில் நினைவு வந்தது. அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று அவன்தான் எழுதியிருந்தான்.

அவள் அடுப்பைப் பார்த்து நின்றாள். ஈரத்துண்டு. பின்னல். நேற்று வைத்த வாடிய பிச்சிப்பூ.

"முத்து."

"ஏங்க, இங்கன கொஞ்சம் வாங்களேன்."

தோளைத் தொட்டான். சூடாக இருந்தது, அவள் தோள்தான். பிடித்துத் திருப்பினான். முதுகு. அந்தப் பக்கம் போனான். முதுகு. சுவருக்கும் அடுப்புக்கும் இடையில் உடம்பை நுழைத்து, இடுப்பில் தீ சுட, அவளுக்கு நேர் எதிரே போய் நின்றான்.

பின்னல். பிச்சிப்பூ.

முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றான். மூக்குத்தி வலது பக்கமா, இடது பக்கமா? தெரியவில்லை. எத்தனை வருஷமாக எதிரில் நின்றாள், ஒரு நாள் நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"ஏங்க" என்றது பின்னந்தலை, ஒரு சாண் தூரத்தில், பொறுமையாக. "இங்கன கொஞ்சம் வாங்களேன்."

"வந்துட்டேன், முத்து" என்றான்.

அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.