கழுத்தில் நான்கு விரல்

தோள்மூட்டுக்குள் யாரோ அகத்திக் குச்சியைச் சொருகித் திருகுவதுபோல் வலித்தது அன்னக்கொடிக்கு. சோழவந்தான் கொடிக்காலில் காலையிலிருந்து கையைத் தூக்கித் தூக்கி வெற்றிலை கிள்ளிய வலி. அது பழகியதுதான். பழகாதது விரலில் வந்த வாசனை. வெற்றிலைக் காரத்துக்கு அடியில், அப்போதுதான் உரசியதுபோல் ஈர மஞ்சள். அவள் மஞ்சள் உரசி ஏழு மாதம் ஆகிறது. கடைசியாக உரசியது முத்துமீனாவின் பிணத்தைக் குளிப்பாட்ட.

"அத்தே, நாப்பது லட்சம் பேரு பாத்துட்டாகளாம்!" பக்கத்து வரிசையிலிருந்து போனை நீட்டினாள் திவ்யா. "இனிமே எங்க கூட வெத்தல கிள்ளுவீகளா, மேக்கப்புப் போட்டு மெட்ராஸ் போயிருவீகளா?"

அன்னக்கொடி பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். பாட்டுக்காரி முத்துமீனாவின் சாவைத் துப்புத் துலக்குகிறோம் என்று வந்தவர்கள் எடுத்த தொடர். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சாவு. இழவு வீட்டு வீடியோவை நிறுத்தி, கழுத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். உள்ளே நான்கு விரல் தடம். அடுத்து அன்னக்கொடியின் முகம்: "ஆமாய்யா, என் கண்ணால பாத்தேன்." அடுத்து முத்துமீனாவின் புருசன் சிவனாண்டியின் போட்டோ.

"அது என் கைத்தடந்தேன். மஞ்சப் பூசயில தல சாஞ்சுச்சு, ஏந்திப் பிடிச்சேன்." இதையும்தான் சொன்னாள். அந்த வரியை வெட்டிவிட்டார்கள்.

வெட்டியது அவர்கள். வாய்மூடிக் கிடந்தது அவள். ஊர்க்காரர்கள் சிவனாண்டி வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்க விடவில்லை. அப்போதும் சொல்லவில்லை. சொன்னால், நெரித்தது நீதானா என்று கேட்பார்களே.

வாசனை தொண்டைக்குள் இறங்கியது. கூடையை இறக்கினாள்.

"எங்கத்தே?"

"சிவனாண்டியண்ணே வீட்டுக்கு. அந்தாளுகிட்டச் சொல்லிட்டு ஊரக் கூட்டியுஞ் சொல்லப்போறேன்."

வாய்க்கால் கரையில் வெயில் இன்னும் சாயவில்லை. அவளுக்குப் பின்னால், நனைந்த சேலை காலில் அடிக்கும் சத்தம் ஒன்று கூடவே வந்தது. நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. வலதுகை சொட்டியது. முந்தானையில் துடைத்தாள். துணி மஞ்சளானது. கை மறுபடி சொட்டியது.

கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே டிவி. அவள் குரல்.

"என் கண்ணால பாத்தேன்."

திரும்பவும். "என் கண்ணால பாத்தேன்."

"அண்ணே?"

நாற்காலியில் முதுகு. தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. முத்துமீனாவின் தலை சாய்ந்ததுபோலவே.

"அண்ணே, அன்னக்கொடி வந்திருக்கேன். ஒரு வார்த்தை…"

முன்னால் போய்ப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. ஈ உட்கார்ந்திருந்தது. கழுத்தில் நான்கு விரல். மஞ்சள். ஈரம் காயவில்லை. வழிந்துகொண்டிருந்தது.

அவள் இன்னும் தொடவில்லை.

கை தானாக எழுந்தது. தடத்தின்மேல் விரல்கள் பொருந்தின. நான்கும். குளிர்ந்த தலை உள்ளங்கைக்குள் சாய்ந்தது. எடுக்க முடியவில்லை. பின்னால் ஈரச்சேலை வந்து நின்றது.

சிவனாண்டிக்கு அவள் கொடுக்க வேண்டிய பாக்கி அந்த ஒரு வரி. அது இன்னும் அவள் வாய்க்குள்ளேயே இருந்தது.