ஐந்தாவது கால்

அம்மா எழுதிய நாவலில் வரும் குதிரைக்கு இறக்கை இரண்டு, கால் ஐந்து.

கையெழுத்துப் பிரதியைப் படித்த பதிப்பகத்தார் ஒருவர், கதை நன்றாக இருக்கிறது, குதிரையை மட்டும் எடுத்துவிடலாமே என்றார். இன்னொருவர், குதிரை இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு காலை மட்டும் குறைத்துவிடலாம் என்றார். அம்மா இருவருக்கும் நன்றி சொன்னாள். புத்தகத்தைத் தானே அச்சிட்டுக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் எந்நேரமும் இதே பேச்சுதான். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? மேகத்துக்கு மேலே இருக்கும் ஊருக்கு என்ன பெயர்? அரக்கன் கடைசியில் சாகவேண்டுமா, மன்னிப்புக் கேட்டால் போதுமா? எல்லாவற்றையும் அம்மா சுண்டெலியிடம்தான் கேட்டாள். சுண்டெலி அம்மாவின் பத்து வயது மகள். அந்தச் செல்லப் பெயரை வைத்தவன் அண்ணன்.

"மன்னிப்புக் கேட்டாப் போதும்மா. ஆனா, நிஜமாவே கேக்கணும். நான் கேக்குற மாதிரி இல்ல" என்றாள் சுண்டெலி.

அட்டைப்படத்தைப் பற்றி மட்டும் அம்மா யாரிடமும் கேட்கவில்லை. அது அண்ணன் பென்சிலால் வரைந்த குதிரை.

அண்ணன் ஒரு வருடம் படுக்கையில் இருந்தான். கால்கள் அவனைத் தாங்கவில்லை. அம்மா அவன் கால்களைப் பிடித்துவிட்டபடியே கதை சொல்வாள். அவன் படுத்தபடியே வரைவான். போன மழைக்காலத்தில் அவன் இறந்துபோனான். மீதிக் கதையை அம்மா தனியாகத்தான் எழுதி முடித்தாள்.

அச்சகத்தில் அட்டை வடிவமைப்பவருக்குச் சுண்டெலி அட்டைக்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். புத்தகப் பெட்டிகள் மூன்றையும் அவரே சுமந்துகொண்டு வந்தார். அம்மா ஒரு பெட்டியைப் பிரித்து, முதல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு அட்டை தெரியாதபடி அதைக் கவிழ்த்து வைத்தாள்.

அட்டைக்காரர் பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

"சின்னப் பையன் வரைஞ்சதுன்னு சொன்னீங்கல்லக்கா, அதுல தெரியாம ஒரு கால் கூடிப்போச்சு. நானே அழிச்சுட்டேன். அழிச்ச தடமே தெரியாது, பாருங்க."

சுண்டெலிதான் பேசினாள்.

"அது தெரியாம வரைஞ்சதில்ல மாமா. நாலு காலும் வலிச்சா குதிரை எதுல நிக்கும்னு அண்ணன் கேட்டான். அதுக்காக வரைஞ்சது."

அட்டைக்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் கைக்குப் படம் மட்டும்தான் வந்தது, கதையைத் தான் படிக்கவில்லை என்றார். நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்றார். எல்லாவற்றையும் திரும்ப அச்சடித்துத் தருகிறேன் என்றார்.

"வேண்டாங்க. இன்னொரு தடவை பெட்டி பிரிக்க என்னால முடியாது" என்றாள் அம்மா.

மூன்று பெட்டிகளும் அண்ணனின் கட்டிலுக்கு அடியில் போயின. உள்ளே கதை முழுசாக இருக்கிறதே என்று அப்பா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அம்மா மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் எப்போது வரும் என்று கேட்டவர்களிடம், வராது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மாடியில் துணி காயப்போடும்போது, சுண்டெலி ஒரு புத்தகத்தை உருவி எடுத்தாள். வழவழப்பான அட்டையில் பென்சில் வழுக்கியது. ஸ்கெட்ச் பேனாவோ ஈஷிக்கொண்டது. குதிரையின் வயிறு முழுக்க நீலமாகிவிட்டது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த அச்சகத்துக்குப் போனாள். அட்டைக்காரர் அந்த நீல வயிற்றைப் பார்த்தார். மேசை இழுப்பறையிலிருந்து மெல்லிய கறுப்புப் பேனா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது இந்த அட்டையிலும் நிற்கும் என்றார். அவள் வீட்டு வாசலை அடைவதற்குள், பையில் இன்னும் மூன்று பேனாக்களோடு அவரும் பின்னால் வந்து நின்றார்.

இருவரும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துவைத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். சுண்டெலி போட்ட முதல் கால் குடையின் கைப்பிடி மாதிரி இருந்தது. அடுத்தது யானைக்குச் சொந்தமானது. அட்டைக்காரர் போட்ட காலில் குளம்பு, மூட்டு, நிழல் எல்லாம் இருந்தன.

சுண்டெலி அதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா வரையுறீங்க மாமா. கொஞ்சம் மோசமா வரைங்களேன்" என்றாள்.

"எவ்வளவு மோசமா?"

"எங்கண்ணன் அளவுக்கு."

அம்மா காலி வாளியோடு இறங்கி வந்தபோது, தரையில் பதினொரு குதிரைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு கால் போல இன்னொரு கால் இல்லை. ஒன்று நாவலின் தலைப்பையே எட்டி உதைத்தது.

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். ஒரு புத்தகத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அவன் இவ்வளவு நீளமாப் போடலை" என்றாள். "இன்னும் குட்டை. நுனியில உள்பக்கமா வளைஞ்சிருக்கும்."

சுண்டெலி பேனாவை நீட்டினாள்.

அம்மா உடனே வாங்கவில்லை. அட்டைக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அம்மா மெல்ல அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேனாவை வாங்கி, பெட்டியிலிருந்து புதிதாக ஒரு புத்தகத்தை எடுத்து, கால் இருந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவினாள். வரைந்தாள். குட்டையான கால், நுனியில் உள்பக்கமாக வளைந்தது.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் புத்தகத்தை மற்ற பதினொன்றுக்கும் பக்கத்தில் வைத்தாள்.

"அடுத்ததை எடு, சுண்டெலி" என்றாள்.